வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

பக்கவாதம் வந்து பிழைத்தவர்களே, வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து கையைக் காலை ஆட்டி அவஸ்தைப்பட வேண்டாம். சேர்ந்து செய்யுங்கள். இதை நான் திண்டிவனம் மார்க்கெட்டில் சொல்கிறேன், கோயிலில் சொல்கிறேன், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு சொல்கிறேன். வரிசையில் நிற்க முடிகிறதே, அதுவே அந்தச் சேர்க்கை கொடுத்த வரம். மறந்துபோயிருந்த என் இடது காலுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு பிசியோதெரபி தம்பியும், என்னைப் போலவே ஒரு பக்கம் விழுந்துபோன ஏழெட்டுப் பேரும்தான். மருந்து மாத்திரையும் டாக்டர்களும் என் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த உயிரை வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்ற ஆசை, அந்தக் கூட்டத்தில்தான் எனக்குத் திரும்ப வந்தது.

ஒரு ஆடி மாதக் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. கையிலிருந்த சொம்பு தானாக நழுவியது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர் எதற்கும் பதறாதவர். யாரையும் கலந்து பேசாமல் 108-க்குப் போன் போட்டார். முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியே விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2010-இல் அது வந்திராவிட்டால் எங்கள் பக்கத்துக்காரர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். முகம் கோணுகிறது, கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் புறா ரத்தம் தடவலாமா, எண்ணெய் வைக்கலாமா என்று யாரும் நேரத்தைக் கரைக்காதீர்கள். முதலில் 108.

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஊரே பார்க்க வந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் அலமாரியில் நிறைந்தன. வந்தவர்கள் எல்லோரும் அன்பானவர்கள்தான். ஆனால் என் கட்டிலுக்கு எதிரே நின்று, என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரிடம், “இன்னா சார், டீச்சருக்குப் போயி இப்படி ஆயிடுச்சே, எப்பிடி இருந்தவங்க” என்பார்கள். நான் அங்கேதான் படுத்திருப்பேன். பேச்சு போகவில்லை, காது போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் குரலை உயர்த்தி நின்றவள், புடவை கட்ட முடியாமல் நைட்டியில் கிடந்தேன். ஜாக்கெட் கொக்கியை மாட்ட மருமகள் வர வேண்டும். தலை வார இன்னொருவர் வர வேண்டும். காரணமே இல்லாமல் அழுகை பொங்கும். டி.வி.யில் பிஸ்கட் விளம்பரம் ஓடும்போதுகூட அழுதிருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. உடற்பயிற்சி என்று வீட்டுக்காரர் என் கையைத் தூக்கினால், “விடுங்க, இனிமே இதுக்கு உயிர் வந்து இன்னா ஆகப்போவுது” என்று திரும்பிப் படுத்துவிடுவேன்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். காயம்பட்டது மூளை, மனசும் அதே மூளைக்குள்தானே இருக்கிறது! எங்கள் வீட்டில் அதை யாரும் நோயாக நினைக்கவில்லை. ‘டீச்சர் மனசு விட்டுட்டாங்க’ என்றார்கள். மனசு விட்டவளுக்கு யார் எத்தனை தடவை பயிற்சி சொல்லிக்கொடுத்தும் பயனில்லை.

விழுப்புரத்தில் இருக்கும் என் தம்பி ஒருநாள் வந்து, “நீ கெளம்பு அக்கா, எங்க வீட்டுல வந்து இரு” என்று காரில் தூக்கி உட்காரவைத்து, வீட்டுக்காரரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனான். அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பிசியோதெரபி நிலையம். சின்ன இடம். அங்கே கட்டில் போட்டு ஒவ்வொருவராக வைத்தியம் பார்ப்பார்கள் என்று நினைத்துப் போனேன். கூடத்தில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஒருவர். ஒருவருக்கு வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. ஒருவர் பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல். ஒரு அம்மாவின் வாய் என்னைவிட அதிகமாகக் கோணியிருந்தது. நெற்றியில் பெரிய பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம். அந்தப் பூவைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அசைந்தது. வாய் கோணினவள் பூ வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டு வெளியே வரலாமா? அவர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர். “புதுசா? உக்காருங்க. மொதல்ல எல்லாரும் அழுவாங்க. அழுதுட்டுச் செய்யுங்க” என்றார்.

பயிற்சி தொடங்கியது. இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டு நல்ல கை வராத கையைத் தூக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ண வேண்டும். பிசியோ தம்பி எண்ணிக்கையை மட்டும் தொடங்கிவைப்பார், மற்றதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். ஒண்ணு, ரெண்டு, மூணு. வீட்டில் ஐந்துக்கே திரும்பிப் படுத்தவள் அங்கே இருபது வரைக்கும் போனேன். எதிரே இருந்தவர் நிறுத்தவில்லை, நான் எப்படி நிறுத்துவேன்? பக்கத்து நாற்காலிக்காரரின் கை என் கையைவிடத் தாழ்வாக இருந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் அவர் என்னை முந்தினார். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஆசிரியையாக வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளிடம்தான் கண்டிருக்கிறேன்.

அந்த எண்ணிக்கையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எங்களில் ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. ‘ம்... ம்...’ என்பதைத் தவிர ஒன்றும் வராது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாமல் தலையில் அடித்துக்கொள்வார். அவர் மனைவி மூலையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார். ஒருநாள் நாங்கள் ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருக்கும்போது “ஒம்போது” என்று கனத்த குரல் ஒன்று கேட்டது. எல்லோரும் திரும்பினோம். கண்டக்டர் அண்ணன்! “பத்து” என்றார். பதினொன்று, பன்னிரண்டு, நிறுத்தாமல் போனார். அவர் மனைவி எழுந்து வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். நாங்கள் பயிற்சியை விட்டுவிட்டுக் கை தட்டினோம். கை தட்ட முடியாதவர்கள் தொடையில் தட்டினோம்.

பிசியோ தம்பி விளக்கினார். நினைத்துப் பேசுகிற பேச்சு மூளையின் இடது பாதியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. எண்ணுவதும், கிழமைகளைச் சொல்வதும், பாட்டுப் பாடுவதும் பழகிப் பழகி ஊறிப்போனவை. பேச்சு போன பலருக்கும் அவை மிஞ்சியிருக்கும். பாட்டைக் கொண்டே பேச்சை மீட்கும் முறை ஒன்றை அமெரிக்காவில் 1973-லேயே வகுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் பயிற்சி முடிந்ததும் ஒரு எம்.ஜி.ஆர். பாட்டு நிச்சயம். கண்டக்டர் அண்ணன் இரண்டு அடி முழுசாகப் பாடுவார். கடையில் டீ கேட்க அவருக்கு வாய் வர அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆனது. ஆனால் அந்தப் பாட்டு வந்த நாளிலிருந்து அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

அழுகைக்கும் அங்கே மருந்து கிடைத்தது. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு வருத்தமே இல்லாமல் அழுகை வரும், சிலருக்குச் சாவு வீட்டில் சிரிப்பு வரும். உணர்ச்சியை அடக்குகிற நரம்புப் பாதை பழுதாவதால் வருவது அது. வீட்டில் நான் அழுதால் எல்லோரும் பதறி ஓடிவருவார்கள், அதைப் பார்த்து இன்னும் அழுவேன். வட்டத்தில் நான் அழுதால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். பூக்கார அக்கா, “டீச்சர் அழுவட்டும், நீங்க எண்ணுங்கப்பா” என்பார். அழுதுகொண்டே காலை நீட்டுவேன், மடக்குவேன். பதினைந்தாவது தடவைக்குள் அழுகை நின்றிருக்கும்.

என்னென்ன செய்தோம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாற்காலியிலிருந்து கைப்பிடியைத் தொடாமல் எழுந்து உட்காருவது. இதைப் போல இடுப்புக்கும் தொடைக்கும் உயிர் கொடுக்கும் பயிற்சி வேறில்லை. கழிவறைக்குத் துணையில்லாமல் போகும் மானமே இதில்தான் இருக்கிறது. மேசையில் துண்டை விரித்து வராத கையை அதன்மேல் வைத்துத் தள்ளுவது. டம்ளரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைப்பது. தரையில் சாக்பீஸால் கோலப்புள்ளி போல வைத்து ஒவ்வொன்றாக மிதித்து நடப்பது. பந்தை வட்டத்தில் கைமாற்றிவிடுவது. எனக்கு மிகவும் பிடித்தது வேர்க்கடலை. எங்கள் கூட்டத்தில் கமிஷன் மண்டி வைத்திருந்த ஐயா ஒருவர் இருந்தார், ஒரு பை காய்ந்த கடலையோடு வருவார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் ஓடு உடையும். முதலில் ஒரு கடலைக்கு நான் பட்ட பாடு! உடைந்தபோது பருப்பை என் வாயில் போட்டுக்கொள்ளவில்லை, பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தேன். அவர் உடைத்ததை எனக்குக் கொடுத்தார். எங்கள் சீமையின் விளைச்சலே எங்களுக்கு வைத்தியமானது.

கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தி, வராத கையை அதன் பின்னால் மறைத்துவிட வேண்டும். நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் வராத கை அசைவது போலத் தெரியும். மூளை அதை நம்பத் தொடங்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த நம் வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காகக் கண்டுபிடித்த வழி இது. அவரும் சக ஆய்வாளர்களும் பக்கவாதக்காரர்கள் 9 பேரிடம் இதைச் செய்துபார்த்து 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். என் விரல்கள் கண்ணாடிக்குள் விரிந்ததை முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு தமிழ் மூளை கண்ட வழி விழுப்புரத்தில் ஒரு சின்னக் கூடத்தில் என் கையை வந்து தொட்டதே!

சேர்ந்து செய்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. நாலைந்து இடங்களில் நாலைந்து விதப் பயிற்சி வைத்து, நோயாளிகள் குழுவாகச் சுற்றிவரும் முறையைப் பற்றி உலகெங்கும் நடந்த 17 ஆய்வுகளை, ஏறக்குறைய 1,300 பேருடைய முடிவுகளை, 2017-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. குழுவாகச் செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக 60 மீட்டர் அதிகம் நடந்தார்கள். 60 மீட்டர் என்றால் என் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை அண்ணாச்சி கடை! அதைச் சின்ன தூரம் என்று சொல்கிறவர்கள் நடக்க முடியாமல் கிடந்ததில்லை.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே செய்யவைத்தால் போதுமா என்று பார்த்தார்கள். 2017-இல் லான்செட்டில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குழுப் பயிற்சியை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. ஆனால் படித்தபோது என் வீட்டுக்காரரின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. சமைத்து, துவைத்து, மாத்திரை எடுத்துக்கொடுத்து, என் கையையும் காலையும் தூக்கி, என் கோபத்தையும் வாங்கிக்கொண்ட மனிதர். ஒருத்தர் தலையில் இத்தனையை ஏற்றுவது நியாயமா? வட்டத்துக்குப் போன பிறகு அவருக்கும் கூட்டாளிகள் கிடைத்தார்கள். நாங்கள் உள்ளே எண்ணிக்கொண்டிருக்க, துணைக்கு வந்தவர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டு தங்கள் பாரத்தை இறக்கிவைத்தார்கள். இவர் சிரித்ததை அங்கேதான் மறுபடி பார்த்தேன்.

மூளை தன் வழியைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். வயல்வெளியில் ஆள் நடக்க நடக்கத்தானே ஒற்றையடிப் பாதை விழுகிறது, அப்படித்தான் இதுவும். ஒரே அசைவை நூற்றுக்கணக்கில் செய்தாக வேண்டும். தனியாக அத்தனை தடவை செய்யப் பெரிய வைராக்கியம் வேண்டும். கூட்டத்தில் பேச்சும் பாட்டும் போட்டியுமாக, தடவைகள் போவதே தெரியாது.

நடக்கத் தொடங்கியதும் திண்டிவனம் திரும்பினேன். வட்டத்தை விட்டு வந்த ஏக்கம் தாங்கவில்லை. அப்போது மக்களைத் தேடி மருத்துவத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொடுப்பார்கள், பிசியோதெரபியும் வீட்டிலேயே தருவார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அதற்குக் கிடைத்தபோது நான் வீட்டில் பாயசம் வைத்தேன். அந்தப் பெண்ணிடம், “நீ போற வீட்டுல என்னை மாதிரி எத்தினி பேரு இருக்காங்கம்மா? அவங்க சம்மதிச்சா இங்க வரச் சொல்லேன்” என்றேன். முதலில் தயங்கினார்கள். ‘நொண்டிக்கிட்டு வெளியில வர்றதா’ என்றார்கள். ஒருவர் வந்தார், பிறகு மூவர், பிறகு எங்கள் திண்ணையில் இடம் போதவில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் காலை வேளையில் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டார். வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். முகூர்த்த நாளில் மட்டும் எங்களுக்கு விடுமுறை. சில முகூர்த்தங்களில் பந்திக்கும் எங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். வலது கை வராதவர்கள் இடது கையால் கூச்சமில்லாமல் சாப்பிடுவதை அந்தப் பந்திகளில் பார்த்தேன். பல பேர் விழுந்த பிறகு வெளியிடத்தில் சாப்பிட்டது அதுவே முதல்முறை.

போன பங்குனிக்குப் பிறகு எல்லோரும் ஒரு வேன் பிடித்து மயிலம் போனோம். முருகன் சின்னக் குன்றின் மேல் இருக்கிறார். படி ஏறியவர்கள் சிலர், வேனிலேயே மேலே போனவர்கள் சிலர். ஏறியவர்கள் ஒவ்வொரு படிக்கும் சத்தமாக எண்ணினோம். சாமி கும்பிட வந்தவர்களும் எங்களோடு எண்ணத் தொடங்கிவிட்டார்கள்!

உங்கள் ஊரிலும் இதைத் தொடங்குவது எளிது. நான் கற்றதைச் சொல்கிறேன். டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்காமல் யாரையும் வட்டத்தில் சேர்க்காதீர்கள். பயிற்சிக்கு முன் பிரஷர் பாருங்கள்; ஏறியிருந்தால் அன்றைக்கு உட்கார்ந்து எண்ணிக்கை மட்டும். விழுந்த பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும். தூக்கிவிடுகிறேன் என்று வராத கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்பட்டை மூட்டு இறங்கிவிடும், இடுப்பில் பிடியுங்கள். சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலி, வழுக்காத தரை, குடிக்கத் தண்ணீர். தலை சுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், செத்துப்போகலாம் என்று பேசுகிறவர்களை முண்டியம்பாக்கம் போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு மாத்திரை இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் சாப்பிட்டேன்.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிவிட்டால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவர்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. அதனால் பஸ் செலவைக் காரணம் சொல்லி யாரும் வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவரைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போக வேண்டாம். பக்கத்துத் தெருவில் அதே நோயில் இருக்கும் இன்னொருவரைக் கூட்டிப்போங்கள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.